'தொடாதீர்' பலகையும் தொடச் சொல்லும் முகாமும்

அருங்காட்சியகத்துக்குள் நுழைகிற எவரும் முதலில் படிப்பது 'தொடாதீர்' என்ற பலகையைத்தான். சிலையைத் தொடாதே, செப்பேட்டைத் தொடாதே, கண்ணாடியில் கை வைக்காதே. பொருளைக் காக்க அது தேவை. கை வேர்வையிலுள்ள உப்பு செம்பை அரிக்கும், ஓலையைக் கறையாக்கும். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குளத்தைத் தொடாதே, குடத்தைத் தொடாதே, தேர் வடத்தைத் தொடாதே என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்களின் காதில் அந்தச் சொல் வெறும் பாதுகாப்பு விதியாக மட்டும் விழுவதில்லை.

இப்போது கோடை விடுமுறையில் அருங்காட்சியகங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துகின்றன. பானை வனையலாம், ஓலையில் எழுத்தாணி பிடித்து எழுதலாம், கல்வெட்டை மைப்படி எடுக்கலாம், மணல் தொட்டியில் புதைத்து வைத்த ஓடுகளைத் தோண்டி எடுக்கலாம், தமிழ் பிராமியில் தன் பெயரைக் கீறலாம். வரலாற்றை மனப்பாடம் செய்யாதே, கையால் தொட்டுக் கற்றுக்கொள் என்கிறார்கள். நல்ல மாற்றம்தான். அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் ஒப்பித்து ஓய்ந்த பிள்ளைகளுக்கு இது விடுதலை. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதைத் தொடக் கொடுக்கிறார்கள்? எதைக் கையில் கொடுக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள்?

இதைக் கேட்பதற்கு அருங்காட்சியகத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

*

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. முதலில் அது எழும்பூரில் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில் இருந்தது. 1854இல்தான் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். அங்கேயே விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அதிலிருந்துதான் பிறகு மிருகக்காட்சி சாலை உருவானது. சென்னை ஏழை சனங்கள் இந்த இரண்டுக்கும் வைத்த பெயர் இன்றும் கிழவிகள் வாயில் இருக்கிறது. மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. காலேஜுக்குள் கால் வைக்க முடியாத சனங்கள் தாங்கள் போய் வந்த காலேஜுக்குத் தாங்களே வைத்த பெயர் இது.

அந்தக் கல்லூரி 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் உருவானது. எல்லிஸுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற துரையிடம் சமையற்காரராக வேலை பார்த்த கந்தப்பன் என்பவர், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளை எல்லிஸிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் அயோத்திதாசரின் தாத்தா. சேரிக்காரன் வீட்டில் ஏது சுவடி என்று கேட்கிறவர்களுக்கு இது பதில். முகாமில் பிள்ளை கையில் பனை ஓலையையும் எழுத்தாணியையும் கொடுக்கும்போது ஓலையை வேகவைத்துப் பதப்படுத்துவதைச் சொல்கிறார்கள், கரியும் எண்ணெயும் தடவி எழுத்தைத் தெளிய வைப்பதைச் சொல்கிறார்கள். எவர் வீட்டுப் பரணிலிருந்து எந்தச் சுவடி வந்தது என்பதையும் சொன்னால் என்ன கெட்டுப்போகும்?

அதே சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் பெயரை ஆய்வு மாணவர்கள் எல்லோரும் அறிவார்கள். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' அவருடையது, கே. ரங்காச்சாரி அவருக்கு உதவியவர். அதைத் தயாரிக்க தர்ஸ்டன் கையில் எடுத்த கருவிகளில் முக்கியமானது அளவைக் கவராயம். மக்களைப் பிடித்து நிறுத்தி மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், உயரத்தை அளந்தார். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் அளந்தார். போலீசாருக்கும் இந்த உடல் அளவை முறையைக் கற்றுக் கொடுத்தார்.

வயநாட்டுப் பணியர் பெண்கள் இவரைக் கண்டதும் ஓடிப்போனார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டனே இதை வேடிக்கைச் செய்தியாக எழுதி வைத்திருக்கிறார். நமக்கு அதில் சிரிக்க எதுவுமில்லை. அந்தப் பெண்கள் அறியாமையால் பயப்படவில்லை. மியூசியம் என்பது என்ன செய்கிற இடம் என்று அவர்கள் ரொம்பச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். புலியைச் சுட்டுப் பஞ்சடைத்து வைக்கிற இடம் மனுசியை மட்டும் விட்டுவிடுமா என்பது நியாயமான சந்தேகம்.

ஆக 'தொடாதீர்' என்று எழுதிப்போட்ட அதே கட்டிடம் நம் மூக்கையும் மண்டையையும் கேட்காமல் தொட்டிருக்கிறது. நாம் பொருளைத் தொடக் கூடாது. பொருளாக நம்மைத் தொடலாம். காலனியம் கட்டமைத்த பார்வை இதுதான்.

மூக்களவுச் சங்கதி அத்தோடு முடியவில்லை. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீட்டெண். மூக்கு அகலமாக ஆக சாதி கீழே போகும் என்று வங்காளத்தில் ரிஸ்லி சொன்னார். 1948இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டத்தகாதோர் யார் என்ற தம் நூலில் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டார். குர்யே தொகுத்திருந்த அதே மூக்களவுப் பட்டியல்களை வரிசைப்படுத்தினார். பார்ப்பனர்களையும் தீண்டத்தகாதவர்களையும் இனத்தால் பிரிக்க இந்த எண்களே இடம் தரவில்லை என்று காட்டினார். பார்ப்பனர் ஆரியர் என்றால் தீண்டத்தகாதவரும் ஆரியர். தீண்டத்தகாதவர் வேறு இனம் என்றால் பார்ப்பனரும் அந்த இனமே என்று முடித்தார். நம்மை அளந்த கோலைப் பிடுங்கி அவர்கள் வாதத்தையே அளந்தார் அண்ணல்.

இதை ஏன் ஒரு கோடை முகாமில் செய்து பார்க்கக் கூடாது? முப்பது பிள்ளைகள் கையில் முப்பது அளவுகோல். ஒருவர் மூக்கை ஒருவர் அளக்கட்டும். எண்ணை வரிசையாக எழுதட்டும். அதிலிருந்து யார் சேரி, யார் ஊர், யார் அக்கிரகாரம் என்று சொல்ல முடியுமா பார்க்கட்டும். பிறகு தர்ஸ்டன் கதையையும் அம்பேத்கர் கதையையும் சொல்லுங்கள். அறிவியலின் பெயரால் நடந்த அநியாயமும் அதை அறிவால் முறியடித்ததும் ஒரே மணி நேரத்தில் பிள்ளைக்குப் பிடிபடும்.

*

சென்ற சில ஆண்டுகளாக எங்கள் சேரி மாலைப் பள்ளிப் பிள்ளைகளை மாவட்டத் தலைநகரில் நடக்கும் இப்படியான முகாம்களுக்கு அழைத்துப் போகிறோம். ஒரு முகாமில் நடந்த இரண்டு சங்கதிகளை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் நாள் கல்வெட்டு வகுப்பு. மைப்படி எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் ஒட்ட வேண்டும். தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். அப்புறம் மை ஒற்ற வேண்டும். மேடு கருப்பாகும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோசம். கையெல்லாம் மை, சட்டையெல்லாம் மை.

பிறகு வாசிப்புக்காக முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டின் ஒரு பகுதியை இன்றைய எழுத்தில் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஊர்களின் வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும் பகுதி அது. ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப்போன வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியல்களில் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வரும். பயிற்சியாளர் ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொல்லி வந்தவர், அந்த இடம் வந்ததும் அடுத்த வரிக்குத் தாவிவிட்டார். ஏழாவது படிக்கிற எங்கள் பிள்ளை ஒருத்தி விடவில்லை. எழுந்து நின்று, "சார், இந்த ரெண்டு சேரியும் வுட்டுட்டீங்க சார்" என்றாள். "அதெல்லாம் ஊர்ப் பேரும்மா, உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டாள்: "ஏண்ணா, அப்பயே நம்ம தெரு இருந்துச்சா?"

இருந்தது. இராசராசன் ஆண்டது கி.பி. 985 முதல் 1014 வரை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊருக்கு வெளியே நம்மை நிறுத்தி, அதற்கு ஒரு பெயரும் வைத்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொற்காலம் என்று பாடநூல் சொல்லும் காலத்தின் பொருளாதார ஆவணம் அது. தீண்டாமை வெள்ளைக்காரன் வந்து உண்டாக்கியது, நாயக்கர் வந்து உண்டாக்கியது என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். ஆனால் கல்லை வெட்டியது ஆட்சி. எந்தச் சொல்லை வாசிப்பது, எதைத் தாண்டுவது என்று முடிவு செய்வது இன்றைய வாத்தியார். அழித்தவர்களைவிடத் தாண்டிப் போகிறவர்கள் ஆபத்தானவர்கள். ஏனென்றால் எதையும் அழித்ததாகவே தெரியாது.

பிள்ளையிடம் நான் சொன்னது இது: "இருந்துச்சும்மா. தெரு மட்டும் இல்ல. அந்த வாய்க்கால வெட்டனது யாரு, கொளத்துல தூர் வாரனது யாரு, நெல்ல அறுத்தது யாரு? அதுவும் நாமதான். கல்லுல தெரு பேரு இருக்குது. ஆளு பேரு இல்ல."

இரண்டாவது சங்கதி பறை பற்றியது. மூன்றாம் நாள் நாட்டுப்புறக் கலை வகுப்பு என்று செயற்கைத் தோல் மாட்டிய பறைகளைக் கொண்டுவந்தார்கள். தமிழர் தொல்லிசைக் கருவி, சங்க இலக்கியத்தில் உள்ளது என்று முன்னுரை நீண்டது. எங்கள் பையன் ஒருவன், அவன் தாத்தா பறையடித்தவர், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இத நெருப்புல காட்ட வேணாமா?" என்றான். அப்புறம் அவனே வாத்தியாரானான். கன்றுத் தோலை ஊற வைப்பது, மயிர் நீக்குவது, புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கட்டையில் இழுத்து ஒட்டுவது, அடிக்கும் முன்பு வைக்கோல் தீயில் காட்டித் தோலை விறைக்க வைப்பது, எந்தக் கையில் அடிக்குச்சி, எந்தக் கையில் சிம்புக்குச்சி என்று எல்லாம் சொன்னான். முப்பது பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அப்போது ஒரு பிள்ளை கேட்டது: "உங்க தாத்தா எங்க அடிப்பாரு? மேடையிலயா?" இவன் பதில் சொல்லவில்லை.

அவன் தாத்தா ஊர்ச் சாவுக்கு அடித்தவர். கூப்பிட்டால் போக வேண்டும், கூலி கேட்கக் கூடாது. இழவு சொல்லப் போக வேண்டும். இந்த இழிவு வேண்டாம் என்று பறையைப் போட்டுடைத்த, அடிக்க மறுத்து அதற்காக அடிபட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பறையை விடுதலையின் இசையாக மீட்டு மேடையேற்றியதும் நம் கலைஞர்கள்தான். இரண்டும் நம் போராட்டம், ஒன்றுக்கொன்று எதிரல்ல. ஆனால் இந்த இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, 'தமிழர் இசைக்கருவி' என்று மட்டும் சொல்லிப் பிள்ளை கையில் கொடுத்தால் அது வரலாறு ஆகாது. தோலின் நாற்றத்தையும் அவமானத்தையும் நம்மிடமே விட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துப் போவதாகும்.

*

இன்று முகாம்களில் பிள்ளைகளை மிகவும் ஈர்ப்பது அகழாய்வு. கீழடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய ஆய்வை மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. கரிமப் பகுப்பாய்வில் ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்ததாக 2019இல் அறிவித்தார்கள். 2023 மார்ச் 5இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரிலும் அகழாய்வுக் குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டுக் காட்சியகம் வைத்தார்கள். மக்கள் சாரைசாரையாகப் போய்ப் பார்க்கிறார்கள். நல்லதே.

கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழ் பிராமியில் உள்ளன. இந்தப் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் படாத உட்புறமும் வாயும் கருப்பாகும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவப்பாகும். இப்படியான ஓடுகளில் எழுத்து பெரும்பாலும் பானை சுட்ட பிறகு கீறப்பட்டது. எனவே பானையை வைத்துப் புழங்கியவர்களே தங்கள் பெயரை எழுதியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இது முக்கியமான சேதி. அரண்மனைக்காரர் அல்லாத சாதாரணக் குடும்பத்தின் சோத்துப்பானையில் எழுத்து இருக்கிறது. அப்படி எழுத்து புழங்கிய மண்ணில் பின்னால் ஒரு பகுதி மக்களிடமிருந்து எழுத்தைப் பிடுங்கியது யார், எப்போது, எப்படி? பெருமை பேசுகிற மேடைகளில் இந்தக் கேள்வி வருவதில்லை. கீழடியில் சாதி இல்லை என்று முழங்கினால் மட்டும் போதாது. பிறகு எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. குழியில் இறங்கி மண்ணை அள்ளுகிறவர்கள் யார்? சுற்றுவட்டாரக் கிராமத்துக் கூலிக்காரர்கள், அதில் பெண்கள் ஏராளம். மண்ணின் நிறம் மாறுவதைப் பலமுறை முதலில் காண்பது அந்தக் கண்; மணி தட்டுப்படுவது முதலில் அந்த விரலுக்கு. கண்டெடுத்தவர் என்ற பெயர் மட்டும் வேறொருவருக்கு. கொந்தகையிலும் ஆதிச்சநல்லூரிலும் தோண்டி எடுப்பவை பழைய இடுகாட்டுத் தாழிகள். ஊர்ச் சுடுகாட்டில் குழி வெட்டினால் வெட்டியான் என்று சொல்லித் தள்ளி நிறுத்துகிறார்கள். பழைய சுடுகாட்டில் குழி வெட்டினால் அது ஆய்வு, அதற்குப் பட்டம் உண்டு. மண்வெட்டி ஒன்றுதான், குழியும் ஒன்றுதான். மணல் தொட்டியில் ஓடு தேடும் பிள்ளைகளுக்கு, உண்மையான குழியில் பத்து வருசம் மண் அள்ளிய ஒரு அம்மாவை அழைத்துவந்து பாடம் சொல்ல வையுங்கள். அவரைவிடச் சிறந்த பயிற்சியாளர் கிடைக்க மாட்டார்.

*

இவ்வளவு சொல்வதால் மியூசியம் நமக்கு வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. அதற்கு முன்பு கோயிலுக்குள் பார்க்க முடியாத நடராசரைச் செத்த காலேஜில் பார்த்தவர்கள் நம் பாட்டன்மார். பூசாரி இல்லாமல், மறைக்கும் திரை இல்லாமல், கண்ணெதிரே பார்த்தார்கள். அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்ததில் ஒரு பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. மிஞ்சியதும் பின்னால் கிடைத்ததும் எழும்பூரில் உள்ளன. நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் உள்ளன. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, நாம் பூர்வ பௌத்தர் என்று அயோத்திதாசர் அறிவித்த அதே நகரத்தில்தான் இவை நிற்கின்றன. நம் பிள்ளைகளை அவற்றின் முன்னால் நிறுத்திச் சொல்ல வேண்டிய கதை ஏராளம். அந்தக் கூடத்தை நாம் விட்டுக் கொடுக்க முடியாது.

ஆனால் கையால் கற்கும் வரலாறு பானையோடும் மணியோடும் நின்றுவிடக் கூடாது. நமக்குத் தொட வேண்டிய வேறு பொருள்கள் உண்டு. மனிதரை விற்ற அடிமை ஓலைகள் உண்டு, ஆ. சிவசுப்பிரமணியன் போன்றோர் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1843இன் 5ஆவது சட்டம் வரும்வரை அவை நீதிமன்றத்தில் செல்லுபடியான பத்திரங்கள். நிலப் பதிவேடு உண்டு. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்கள் நிலமின்றிப் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அறிக்கைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே 103 ஆண்டுகள்.

பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு ஊர் 'அ' பதிவேட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால், சர்வே எண்ணுக்கு நேரே உள்ள நிபந்தனைக் குறிப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால், அதைவிடப் பெரிய அகழாய்வு இல்லை. மண் அங்கேயே இருக்கிறது. தோண்ட வேண்டியது தாலுகா ஆபீஸ் அலமாரியை.

ஆகவே முகாம் நடத்துவோரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. விண்ணப்பத்தாளைச் சேரிப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் அனுப்புங்கள். கல்வெட்டை முழுதாக வாசியுங்கள், எந்தச் சொல்லையும் தாண்டாதீர்கள். பறை கொடுத்தால் பறையடித்தவரையும் அழையுங்கள். மேடைக்கல்ல, வகுப்புக்கு, உரிய சம்பளத்தோடு. தர்ஸ்டனின் கவராயத்தை அவர் செய்த வேலையோடு சேர்த்துக் காட்டுங்கள். நம் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். முகாம் அரசாங்கத்துடையது, நமக்கென்ன என்று ஒதுங்காமல் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நம் வீடுகளில் கிடக்கும் பழைய பட்டா, ரசீது, போராட்டத் துண்டறிக்கை, மாநாட்டுப் புகைப்படம், கிழிந்த பறை எதையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் சேர்த்து, யாருடையது, எந்த வருசம், எப்படி வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மாலைப் பள்ளியின் ஒரு மூலை போதும். அடுத்த கோடைக்கு அங்கேயே முகாம் நடத்தலாம்.